ரொட்டியைத் தொடாத அட்டை

பெமிஜி, மின்னசோட்டா
12 மார்ச் 1989

அன்புத் தங்கை ஆர்லீனுக்கு,

இங்கே நானும் வெர்னாவும் நலம். ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை செய்வதாக அவரிடம் சொல்வதோடு சரியா?

இதை உட்கார்ந்துகொண்டு படி. போன சனிக்கிழமை உன் அண்ணி போர்வைக் கண்காட்சி பார்க்க வேண்டும் என்று டுலூத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே மண்டபத்தின் அடுத்த பாதியில், ஆட்டக்காரர்கள் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளுக்கு ஒரு சந்தை. போர்வையிலிருந்து தப்பித்து அங்கே நுழைந்தேன். ஒரு மேஜையில், கண்ணாடிக்கு அடியில், தனியாகப் பூட்டு போட்ட பெட்டியில், யார் தெரியுமா? நான்! ஹாஃப்ஸ்டாட் ரொட்டிக்காரர்கள் ரொட்டி உறைக்குள் ஓர் அட்டை வைத்துக் கொடுத்தார்களே, நம் நார்டால் ஓட்டர்ஸ் அணிக்காரர்கள் படம் போட்டு, 1951-இல்? அது. விலைச்சீட்டில் மூவாயிரம் டாலர் என்று போட்டிருந்தது. முதலில் மூன்று டாலர் என்று நினைத்து, அதுவே அதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யாருய்யா இது?" என்று கேட்டேன்.

"டோலஃப்சன்னு ஒரு ஆளு. யாருக்கும் தெரியாது. அதான் விலை" என்றான் கடைக்காரன். பெட்ராக் என்று பெயர், ஒல்லிப்பிச்சான்.

"தெரியாத ஆளுக்கா மூவாயிரம்?"

"ஆளுக்கு இல்ல சார், அட்டைக்கு. ஓட்டர்ஸ் அட்டையில மத்ததெல்லாம் சல்லிசா கிடைக்கும். இது மட்டும் கைவிரல் விட்டு எண்ணிடலாம்."

"நல்லா ஆடுவானா?"

"சுமார். சுமாருக்கும் கொஞ்சம் கீழன்னு வைங்களேன்."

பின்னால் வந்து நின்ற வெர்னா சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது. "அந்தச் சுமார் நான்தான்யா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். "அடக் கடவுளே, அதே காது!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

இப்போது என் வேண்டுகோள். என்னிடம் என் அட்டை ஒன்றுகூட இல்லை. அந்தக் கோடையில் நீ ஹாஃப்ஸ்டாட்டில்தானே வேலை பார்த்தாய், உறைக்குள் அட்டை செருகும் வரிசையில்? வீட்டில் ஒன்றாவது கிடக்காதா? மேல்மாடம், நிலவறை, அம்மாவின் அலமாரி எல்லாம் தேடிப் பார்த்து உடனே எழுது.

அன்புடன், மூவாயிரம் டாலர் அண்ணன்
மெர்ல்

*

நார்டால், விஸ்கான்சின்
27 மார்ச் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. டாக்டரிடம் நான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கும் டாக்டருக்கும் நடுவே.

இங்கே பனி உருகி வாசல் முழுக்கச் சேறு. தேவாலய விருந்துக்கு இந்த வருஷமும் மீன் வேகவைக்கும் பொறுப்பு என் தலையில். வெர்னா அண்ணி போன மாதம் கேட்ட ரூபார்ப் பச்சடிக் குறிப்பு இதோடு வைத்திருக்கிறேன். சர்க்கரையைக் குறைக்க வேண்டாம் என்று சொல். பக்கத்து வீட்டுப் பூனை மறுபடி குட்டி போட்டிருக்கிறது, என் கொட்டகையில்தான்.

உன் மூஞ்சிக்கு மூவாயிரமா? அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே உன்னைக் கொண்டுபோய் விற்றிருப்பார்.

மேல்மாடத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. அம்மாவின் அலமாரியில் அந்துருண்டையும் உன் பழைய காலுறையும்தான். அட்டையை விடு. அந்தக் காலத்துப் பையன்கள் அந்த அட்டைகளை என்ன பாடு படுத்தினார்கள் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை
ஆர்லீன்

*

பெமிஜி
15 ஏப்ரல் 1989

அன்புத் தங்கைக்கு,

நலம், நலம். பச்சடி சாப்பிட்டோம். சர்க்கரையைக் குறைத்தாள். நீ சொன்னது சரி.

நான் இப்போது இந்த வியாபாரத்தில் பாதி பண்டிதன். பெட்ராக்குக்கு வாரம் ஒரு தரம் போன் போடுகிறேன். அட்டைக்கு எப்படி விலை வருகிறது தெரியுமா? நாலு மூலையும் ஊசி மாதிரி நிற்க வேண்டும். படம் நாலு ஓரத்துக்கும் நட்டநடுவே உட்கார வேண்டும். மடிப்பு கூடாது, ரப்பர் பேண்டு தடம் கூடாது, பின்னால் பையன் பெயர் எழுதியிருக்கக் கூடாது. பெரிய ஆட்டக்காரனின் முதல் வருஷ அட்டை என்றால் நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது, அது யாரிடமும் இல்லாமலிருப்பது. பையன்கள் பட்டாளத்துக்குப் போனதும் அவர்கள் அம்மாக்கள் அட்டைப் பெட்டிகளைக் குப்பையில் கொட்டினார்களே, அந்த அம்மாக்களுக்கு ஊர் ஊராகச் சிலை வைக்க வேண்டும் என்கிறான் பெட்ராக்.

விலைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அதில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "டோலஃப்சன், பருவத்தின் நடுவே வேறு அணிக்குப் போனதால் அட்டை நிறுத்தப்பட்டது." முழுப் பொய்! நான் எங்கே போனேன்? கடைசி ஆட்டம் வரைக்கும் அங்கேதானே நின்று பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன்? என்னை எந்த அணி கேட்டது?

அப்படியானால் அட்டை ஏன் அபூர்வம்? நானே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த ஹோம் ரன்! பந்து வேலியைத் தாண்டிப்போய்ப் பாதிரியார் காரின் முன்கண்ணாடியை உடைத்ததே! ஊரே மூன்று நாள் அதைத்தானே பேசியது? என் அட்டை கிடைத்தவர்கள் அதைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டார்கள், விற்க மனசு வரவில்லை. அதனால்தான் சந்தைக்கு வருவதில்லை. வேறென்ன இருக்க முடியும்?

இந்தத் தெருவில் இப்போது எனக்குத் தனி மரியாதை. முடிவெட்டுகிறவன் காசு வாங்க மாட்டேன் என்றான் (அப்புறம் வாங்கிக்கொண்டான்). ஆகஸ்டில் ஓ கிளேர் ஊர் அட்டைச் சந்தைக்குச் சிறப்பு விருந்தினராக வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பெட்ராக் கூப்பிட்டிருக்கிறான்.

மேல்மாடம் பார்த்தாய், அலமாரி பார்த்தாய். நிலவறை பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே?

அண்ணன்
மெர்ல்

*

நார்டால்
29 மே 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. மீன் விருந்து, அதற்குப் பிறகு தோட்டம், அதற்குப் பிறகு பூனைக்குட்டிகளுக்கு வீடு தேடும் அலைச்சல். உன் உடம்பும் அண்ணி உடம்பும் எப்படி? எனக்குக் குறையொன்றும் இல்லை.

தக்காளி நாற்று நட்டாயிற்று. கூரைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறான்.

நிலவறையில் என்ன இருக்கும்? வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள்தான். ஒரே ஈரம். காகிதம் எதுவும் அங்கே தங்காது. நீ வந்து தேடலாம் என்று கனவு காணாதே, படிக்கட்டில் ஒரு படி ஆடுகிறது.

ஏன் அண்ணா அந்த அட்டைமேல் இவ்வளவு பிடிவாதம்? உன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமானால் வீட்டில் கண்ணாடி இல்லையா?

ஹோம் ரன் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நான் நின்றுகொண்டு கத்தியதில் மறுநாள் குரலே வரவில்லை. அதையே நினைத்துக்கொண்டிரு. அது போதும்.

தங்கை
ஆர்லீன்

*

பெமிஜி
11 ஜூன் 1989

அன்புத் தங்கைக்கு,

இங்கே நான் நலம். வெர்னா நலமா என்று அவளையே கேட்டுக்கொள், என்னோடு பேச்சில்லை. இரண்டு நாளாக எனக்கு ரொட்டியும் சீஸும்தான் சாப்பாடு.

காரணம் சொல்கிறேன். படகை பெட்ராக்குக்குக் கொடுக்கப்போகிறேன், மோட்டாரோடு. பதிலுக்கு அவன் என் அட்டையைக் கொடுப்பான். ஜூலை முதல் சனிக்கிழமை கைமாற்றம். அவனிடம் இருக்கும் அட்டையில் எண்ணெய்க் கறை இருக்கிறது, ஓரம் கொஞ்சம் வளைந்திருக்கிறது. கறையில்லாமல் சுத்தமாக ஒன்று இருந்தால் அதன் விலை எங்கேயோ போய்விடுமாம், ஆனால் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லையாம்.

"படகுல மீன் பிடிக்கலாம். அட்டையில என்னத்தப் பிடிப்ப?" என்று கத்துகிறாள் உன் அண்ணி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் படகில்தான் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் உட்கார்ந்திருப்போம்.

ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஆர்லீன்? அந்தக் கோடைக்குப் பிறகு என்னை ஆட யாரும் கூப்பிடவில்லை. பனி வாரும் வண்டி ஓட்டினேன், நன்றாகத்தான் ஓட்டினேன், அதை யாரும் படம் போட்டு ரொட்டியில் வைக்கவில்லை. அந்த ஒரு கோடை என்னைத் தவிர எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இப்போது முன்பின் தெரியாத ஆட்கள் என் அட்டையைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதில் ஒன்று என் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன்
மெர்ல்

*

நார்டால்
15 ஜூன் 1989

அண்ணா,

படகைக் கொடுக்காதே. பெட்ராக்குக்கு போன் போட்டு இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடு.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். நானே சுட்ட ரை மாவு ரொட்டி. கிடைத்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு பாயாதே, உறையை மெதுவாகப் பிரி. அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரி.

ஆர்லீன்

*

பெமிஜி
21 ஜூன் 1989

என் தங்கமே,

எங்கிருந்து பிடித்தாய்! சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தோம். ரொட்டிக்கும் உறைக்கும் நடுவே, மெழுகுத்தாளில் சுற்றி, நான் வந்து விழுந்தேன். தொப்பியும் காதும் அப்படியே! வெர்னா கையைத் தட்டி ஒரு சுற்று ஆடிவிட்டாள். இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் முறையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "மெர்ல், அந்த வயசுல நீ எவ்வளவு அழகா இருந்திருக்க. அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

ரொட்டியும் அருமை. அன்றே தீர்ந்தது.

படகு துறையில்தான் கட்டிக் கிடக்கிறது. நேற்றுப் போய் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் இது எங்கே இருந்தது? யார் கொடுத்தது? ஒரு வரிகூட எழுதவில்லையே நீ? மூலைகள் ஊசி ஊசியாக நிற்கின்றன. பெட்ராக் பார்த்தால் மயங்கி விழுவான்.

சந்தோஷத்தில் தலைகால் புரியாத அண்ணன்
மெர்ல்

*

நார்டால்
30 ஜூன் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் பேசிக்கொள்கிறீர்கள் என்று படித்து நிம்மதி. நான் நலம்.

அம்மாவின் பழைய பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

அதை பெட்ராக்கிடம் காட்டாதே. யாரிடமும் காட்டாதே. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மீன் பிடிக்கப் போ. இங்கே ஸ்ட்ராபெர்ரி பழுத்துவிட்டது, ஜாம் போட ஜாடி போதவில்லை. கூரைக்காரன் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறான்.

தங்கை
ஆர்லீன்

*

பெமிஜி
16 ஜூலை 1989

ஆர்லீனுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே காட்டிவிட்டேன். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு டுலூத்துக்கே போய்.

பெட்ராக் மயங்கி விழவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தான். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான்.

"சார், இது எங்க கிடைச்சுது?"

"ரொட்டிக்குள்ள."

"ரொட்டியா? இது ரொட்டி இருந்த திசைக்கே போகாத அட்டை. ஹாஃப்ஸ்டாட் அட்டை எதை எடுத்தாலும் கறை இருக்கும். சுடச்சுட ரொட்டியோட இறுக்கிச் சுத்துவாங்க, எண்ணெயும் மெழுகும் ஏறாம இருக்காது, ஓரம் வளையாம இருக்காது. இதுல ஒண்ணுமே இல்ல. அச்சாபீஸ்ல இருந்து வந்த கட்டுல இருந்து, உறைக்குள்ள போகவிடாம, யாரோ வரிசையிலயே உருவிட்டாங்க."

நான் அங்கே சிரித்துவிட்டேன். திரும்பி வரும் வழியில், பாதித் தூரத்தில், வண்டியை ஓரம் கட்டினேன். வரிசையில் நின்றவள் நீ. மேல்மாடம் பார்த்தாய், நிலவறை பார்க்கவில்லை. படி ஆடுகிறது என்றாய். அம்மாவின் பாட்டுப் புத்தகம் அம்மாவோடு சவப்பெட்டியில் போனது, ஆர்லீன். நான்தான் அவள் கையில் வைத்தேன்.

யாரும் என் அட்டையைப் பொத்தி வைக்கவில்லை. அட்டை வெளியே வரவே இல்லை. அதுதானே?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நான் ஆடிய லட்சணத்துக்கு, அண்ணன் படம் ஊர் முழுக்கப் போகிறதே என்று வெட்கப்பட்டாயா?

மெர்ல்

*

நார்டால்
19 ஜூலை 1989

மடையா,

வெட்கமா? உன்னைப் பார்த்தா? நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, நேராக விஷயத்தைச் சொல்கிறேன்.

அந்த 1951 ஜூன் மாதம் முதல் முறையாக உன் அட்டை வரிசையில் வந்தது. அன்றைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் "எங்கண்ணன், எங்கண்ணன்" என்று காட்டினேன். ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நடந்து வருகிறேன், தெருமுனையில் கடகடவென்று ஒரு சத்தம். ஒரு தடிப்பயல் சைக்கிள் சக்கரக் கம்பிக்கு நடுவில் அட்டையைத் துணிக் கிளிப்பால் மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல் சத்தம் வரவேண்டும் என்று மிதித்துக்கொண்டு போகிறான். நிறுத்திப் பார்த்தால் நீ. உன் மூக்கு பாதி பிய்ந்து தொங்குகிறது.

"ஏண்டா இப்படி பண்ற?" என்று கேட்டேன்.

"நல்ல ஆட்டக்காரங்கள மாட்டுவாங்களாக்கா? இவரு எங்கிட்ட ஏழெட்டு இருக்காரு" என்றான். அவனை நான் என்ன செய்தேன் என்பது இங்கே வேண்டாம். சைக்கிளை அவன் தள்ளிக்கொண்டுதான் போனான்.

மறுநாளிலிருந்து உன் முகம் வரிசையில் வரும்போதெல்லாம் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பருவம் முடிகிற வரைக்கும். வெண்ணெய் டப்பாக்களில் அடுக்கி நிலவறையில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்தேன். டப்பா மூடிக்கு மெழுகு ஊற்றினேன். ஈரம் ஒன்றும் செய்யாது. முதல் வாரம் வெளியே போனதெல்லாம் சைக்கிள் சக்கரத்தில் பிய்ந்திருக்கும். உன் பெட்ராக்கிடம் இருப்பது எனக்குப் பல்வலி வந்து லீவு போட்ட நாளில் தப்பித்ததாக இருக்கும். அந்த வெட்டிப்பயல் புத்தகக்காரன் எழுதியிருக்கிறானே, நீ வேறு அணிக்குப் போனாய் என்று, அவனுக்குத் தெரியாது உன்னை நிறுத்தியது எந்த அணி என்று.

மார்ச்சிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது எதனால் தெரியுமா? உன் விலைக்குக் காரணம் ஹோம் ரன் இல்லை, என் மேலங்கிப் பை என்று தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்றுதான். அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. படகைத் தூக்கிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் வேறு வழியும் இல்லை.

டப்பாக்கள் உன்னுடையவை. வந்து எடுத்துக்கொண்டு போ. வருஷத்துக்கு ஒன்றாக வெளியே விட்டால் பெட்ராக் உன் காலைக் கழுவுவான். மொத்தமாக வெளியே வந்தால் கால் டாலர்கூடத் தேறாது, இருந்தாலும் உன் இஷ்டம். படி நிஜமாகவே ஆடுகிறது, பார்த்து இறங்கு.

உன் தங்கை
ஆர்லீன்

*

பெமிஜி
27 ஆகஸ்ட் 1989

என் அன்புத் தங்கைக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். டப்பாக்களை எடுக்க வந்த அன்று நீ போட்ட சாப்பாட்டில் இன்னும் பெல்ட் ஏறவில்லை. முழங்காலைச் சாக்குச் சொல்லி ஓ கிளேருக்கு வர மாட்டேன் என்றாயே, அதற்குத் தண்டனையாக முழுக்கதையையும் எழுதுகிறேன்.

டப்பாக்களை என்ன செய்வது என்று அன்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. வண்டியின் பின்னால் கிடந்தன. மண்டபத்தில் என்னை ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள், தலைக்கு மேல் என் பெயர். வரிசையில் நின்றதெல்லாம் பொடிசுகள். பாவம், கையில் கைத்துடைப்புத் தாள், சீட்டு, ஒன்று தன் புதுச் செருப்பையே நீட்டியது. ஒருத்தரிடமும் என் அட்டை இல்லை. எப்படி இருக்கும்? முன்பல் விழுந்த ஒரு சிறுமி கேட்டாள், "தாத்தா, உங்க படம் உங்ககிட்டகூட இல்லையா?"

அந்த இடத்தில் எனக்கு உறைத்தது, ஆர்லீன். யாரிடமும் இல்லாததால்தானே மூவாயிரம். அந்த விலைக்கு நான் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டோடு கிடக்க வேண்டும். நான் பேஸ்பால் ஆடினது கண்ணாடிக்குள் கிடக்கவா?

"இருக்கே! வண்டி நிறைய இருக்கு!" என்று எழுந்து போய் முதல் டப்பாவைக் கொண்டுவந்து மூடியை நெம்பினேன். வெர்னா பக்கத்துக் கடைக்கு ஓடித் துணிக் கிளிப் வாங்கிவந்தாள், கடையில் இருந்ததையெல்லாம். ஒவ்வோர் அட்டையிலும் கையெழுத்துப் போட்டு, கிளிப்போடு சேர்த்துக் கொடுத்தேன். "சைக்கிள்ல மாட்டுங்க, பயப்படாதீங்க, எனக்கு வலிக்காது" என்றேன். வரிசை மண்டபத்தைச் சுற்றி வெளியே போய்விட்டது. அப்பாக்களும் வந்து நின்றார்கள். ஏன் இவ்வளவு அட்டை என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் கதையைச் சொன்னேன். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பெட்ராக் ஓடிவந்தான். முகம் சுண்ணாம்பு. "சார்! என்ன சார் பண்றீங்க! எங்கிட்ட இருக்கிறது மூவாயிரம் சார்!" எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், தன் கடையில் புதுச் சீட்டு எழுதி ஒட்டினான். என்ன தெரியுமா? "தங்கை கையிலிருந்து தப்பிய அட்டை. உண்மையான ரொட்டிக் கறையுடன்." விலை நாலாயிரம்! கறையில்லாதது வண்டி வண்டியாக இருக்கிறதாம், கறை பட்டது கைவிரல் விட்டு எண்ணிவிடலாமாம். சாயங்காலத்துக்குள் மில்வாக்கியிலிருந்து வந்தவர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆக, அழுக்குக்கு விலை வந்துவிட்டது. இந்த வியாபாரத்தில் நான் பண்டிதன் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உடைந்துபோவேன் என்று பயந்தாயே. வண்டியை ஓரம் கட்டின அன்றைக்குக் கொஞ்சம் உடைந்துதான் போனேன். இப்போது இல்லை. எவனோ முன்பின் தெரியாதவன் என்னைப் பொத்தி வைத்திருக்கிறான் என்று படகைக் கொடுக்கப் போனேன். பொத்தி வைத்தது என் தங்கை. அந்த அட்டைக்கு இந்த நாட்டில் முதல் கிராக்கி நீதான், அதுவும் நான் ஒழுங்காக ஒரு பந்தைப் பிடிக்காத கோடையில். எனக்கு அதற்குமேல் என்ன விலை வேண்டும்?

கடைசி டப்பாவைத் திறக்கவில்லை. அது உனக்கு. பார்சலில் வருகிறது.

உன் அண்ணன்
மெர்ல்

*

நார்டால்
10 செப்டம்பர் 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

டப்பா வந்தது. அண்ணி வைத்து அனுப்பிய துணிக் கிளிப்பும் வந்தது. நான் நலம். நாலு காசு கொடுத்துப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் சொன்னதில் நான் செய்கிற முதல் காரியம் இது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அதில்தான் போகப்போகிறேன். பின்சக்கரத்தில் உன்னை மாட்டியிருக்கிறேன். காலையில் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். அடேயப்பா, என்ன சத்தம் அண்ணா! கூரைக்காரன் ஏணியிலிருந்து எட்டிப் பார்க்கிறான், பாதிரியார் வீட்டுச் சன்னல் திறக்கிறது, பூனைகள் எல்லாம் கொட்டகைக்குள் ஓடிவிட்டன. நீ ஹோம் ரன் அடித்த அன்றுகூட நார்டாலில் இவ்வளவு பேர் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூக்கு பிய்ந்தால் கவலைப்படாதே. டப்பாவில் இன்னும் நிறைய இருக்கிறாய்.

உன் தங்கை
ஆர்லீன்